விலக்குப் பட்டியல்

குழிக்குள் இறங்குகிறவர் எவராயினும் முதலில் எச்சில் துப்ப வேண்டும் என்பது முனைவர் சௌந்தரவல்லியின் முதல் விதி. ஆலாத்தீவுக்கு அமைச்சர் வந்தபோது அவரும் கண்ணாடிக் குப்பியில் துப்பிவிட்டுத்தான் குகைக்குள் நுழைந்தார். அவருடைய மெய்க்காவலர் இருவரும் துப்பினார்கள். துப்ப மறுத்த செய்தியாளர் ஒருவர் வாசலிலேயே நின்று, தாம் பார்க்காத குழியைப் பற்றி அரைப் பக்கம் எழுதிக்கொண்டு திரும்பிப் போனார். விதி என்று ஒன்று இருந்தால் அது எல்லாருக்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்குச் சலுகை என்று பெயர் வைத்துவிட்டுப் போகலாம் என்பாள் சௌந்தரவல்லி.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. வெப்பக் கடல் தீவுகளில் ஆதி மனிதர் வாழ்ந்த குகைகளை முப்பது ஆண்டுகளாகத் தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய 'அகழ்குழித் தூய்மை நெறிகள்' என்னும் கையேடு நான்கு நாடுகளில் பாடநூலாக இருந்தது. தூரிகையை எந்தப் பக்கம் சாய்த்து வைக்க வேண்டும் என்பதுவரை அதில் எழுதியிருந்தாள்.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் மண்வாசிப்பான். அந்தக் கருவி வருவதற்கு முன்பு, எலும்பு கிடைத்தால்தான் மனிதன் இருந்தான் என்று பொருள். வெப்பத் தீவுகளின் ஈரத்தில் எலும்பு எங்கே தங்குகிறது? மண்வாசிப்பானுக்கு எலும்பு வேண்டியதில்லை. சுண்ணாம்புக் குகையின் தரையில் இறுகிக் கிடக்கும் அடுப்புச் சாம்பலில் ஒரு சிட்டிகை போதும். அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எந்தெந்தத் தாய்வழியைச் சேர்ந்தவர்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு குரங்கையும் மர அணிலையும் சுட்டுத் தின்றவர்களின் வருகைப் பதிவேடு அது. ஒருமுறை வாசித்த மண் எரிந்துபோகும். மறுமுறை வாசிக்க இயலாது.

வழக்கமாக இத்தகைய பட்டியல்கள் ஆய்விதழ்களில் வெளியாகி, பத்துப் பேரால் படிக்கப்பட்டு அடங்கிவிடும். ஆலாத்தீவில் அப்படியில்லை. தீவின் தென்முனையில் ஆழ்கடல் துறைமுகம் கட்டத் தீர்மானமாகியிருந்தது. அங்கே குடியிருந்த பொடவர் என்னும் மக்களின் நாற்பத்தொரு குடும்பத்தாரும் தாங்கள் என்றைக்குமே அந்த மண்ணில் இருப்பவர்கள் என்றார்கள். தென்னந்தோட்டத்து முதலாளிகள் விட்டுச்சென்ற பழைய ஆள் பதிவேடோ, அவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு கப்பலில் கொண்டுவரப்பட்ட கூலிகள் என்றது. அவர்கள் பேசிய தமிழும் பதிவேட்டின் பக்கமே சாட்சி சொல்லிற்று. தங்கள் பழைய பேச்சைத் தோட்டத்துக் கங்காணிகள் அடித்து மறக்கடித்தார்கள் என்று பொடவர்கள் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை.

முதுகுடிச் சட்டம் தெளிவாக இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மண்ணில் ஒருவரது தாய்வழி காணப்பட்டால், அவரை அந்த மண்ணைவிட்டு எவராலும் அசைக்க முடியாது. காணப்படாவிட்டால் மூன்று மாதத்தில் வெளியேற வேண்டும். பொடவு என்று அவர்கள் அழைத்த குகையின் மண்ணை வாசித்துச் சொல்லும் பொறுப்பை முதுகுடி ஆணையம் சௌந்தரவல்லியிடம் ஒப்படைத்தது. யாருக்கும் வளையாதவள் என்று பெயர் எடுத்திருந்ததால் துறைமுகத்தாரும் பொடவரும் ஒருசேர ஒப்புக்கொண்டார்கள்.

முதல் நாள் காலையில் தோண்டும் வேலைக்கு நாற்பத்தொரு பேர் குகை வாசலில் வரிசையாக நின்றார்கள். வீட்டுக்கு ஒருவர் என்பது சௌந்தரவல்லியின் ஏற்பாடு. ஊர்த்தலைவருக்கு வேண்டிய நான்கு வீட்டாருக்கே வேலை போய்ச் சேருவதை அவள் பல தீவுகளில் பார்த்திருக்கிறாள். இங்கே ஒரு வீடுகூட விடுபடக் கூடாது என்று வீடுவீடாகச் சென்று தானே பெயர் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதில் அவளுக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

வரிசையின் தலையில் நின்றவள் தாழம்மா. நாற்பத்தைந்து வயது, அகன்ற கன்ன எலும்பு, சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின்மேல் ஏறி நிற்பது தெரியும். குப்பியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பொடவு வாசல்ல துப்புனா எங்க ஆளுங்க வாயிலயே போடுவாங்க, டாக்டரம்மா. நீங்க என்னடான்னா துப்புனாத்தான் உள்ள விடுவேங்கறீங்க."

"காரணம் இருக்கு, தாழம்மா. மண்ணை வெட்டும்போது உங்க தோல்லேருந்து துகள் உதிரும். வேர்வை சிந்தும், தும்முவீங்க. அதுல எல்லாம் உங்க அடையாளம் இருக்கு. மிஷினுக்கு நேத்து விழுந்த துகளும் ஒண்ணுதான், இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி விழுந்த துகளும் ஒண்ணுதான். அதனால உங்க எச்சிலை முதல்லயே அதுக்குக் காட்டி வெச்சுடுவோம். விலக்குப் பட்டியல்னு பேரு. உங்க தாய்வழி எந்த மண்ணுல தட்டுப்பட்டாலும் மிஷின் கழிச்சுடும்."

"எழுதி வெச்சுக்குமா?"

"வெச்சுக்காது. உயிரோட இருக்கறவங்க உடம்புக் குறிப்பைச் சேமிக்கக் கூடாதுன்னு சட்டம். அந்த நிமிஷமே அழிச்சுடும். எத்தனை அழிச்சேன்னு எண்ணிக்கை மட்டும் காட்டும்."

"அப்ப எங்களைக் கழிச்சிட்டுத்தான் தேடுவீங்க."

"ஆமா. அப்பதான் சுத்தமா இருக்கும்."

தாழம்மா பின்னால் நின்ற தன் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டியா ஆலாப்பா, நாமதான் அழுக்காம். நல்லா காறித் துப்பு."

வரிசை முழுவதும் சிரித்தது. சௌந்தரவல்லியும் சிரித்தாள். பிறகு நாற்பத்தொரு குப்பிகளிலும் பெயரெழுதி, வீட்டு எண்ணோடு ஒப்பிட்டு, தன்னுடைய குப்பியையும் உதவியாளர் ஜெபராஜின் குப்பியையும் சேர்த்துக் கருவிக்குக் கொடுத்தாள். பட்டியலில் ஒரு பெயர்கூட விடுபடவில்லை.

ஐந்து மாதம் தோண்டினார்கள். பொடவர்களின் கையில் ஒரு பொறுமை இருந்தது. கொத்துக்கரண்டியால் ஒரு விரற்கடை மண்ணை அரைநாள் சுரண்டுவார்கள். எங்கே அடுப்பு வரும், எங்கே சிப்பி மணி கிடக்கும் என்று தாழம்மா முன்கூட்டியே சொன்னாள். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. கடல் பார்த்து உட்காருவாங்க, காத்துக்கு முதுகு காட்டுவாங்க, வேற எங்க அடுப்பு மூட்டுவாங்க என்று அவள் விளக்கம் சொன்னபோது, ஊகத்துக்குக் குழியில் இடமில்லை என்று சௌந்தரவல்லி நிறுத்திவிட்டாள்.

ஒவ்வொரு மண்ணடுக்கிலும் கருவி எத்தனை துகளைக் கழித்தது என்பதை அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதிவந்தாள். பக்கத்தின் தலையில் 'மாசு' என்று எழுதி இரட்டைக்கோடு இழுத்திருந்தாள். இரண்டாம் அடுக்கில் பதினான்கு. ஐந்தாம் அடுக்கில் ஒன்பது. பிறகு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. பதினேழாம் அடுக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு.

அந்த எண்ணைப் பார்த்த அன்று முற்பகலில் அவள் குழிக்குள் இறங்கியபோது, தாழம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, அப்போதுதான் வெளிப்பட்டிருந்த அடுப்புச் சாம்பலின்மேல் வெறும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கையுறை எங்கே?"

"கழட்டினேன்மா. பொடவுச் சாம்பலை உறையோட தொட்டா அது மரியாதையா? எம்மக முழுகாம இருக்கா. பொறக்கற பிள்ளைக்கு நெத்தியில வெக்க ஒரு பிடி எடுத்தேன். நம்ம வழக்கம்."

"வழக்கமா? இந்த அடுக்குல இருநூத்துப் பன்னிரண்டு துகள் கழிஞ்சிருக்கு, தெரியுமா? அத்தனையும் உங்க கை அழுக்கு. நாலு மாச வேலை பாழாகுது."

தாழம்மா கையை எடுத்தாள். சாம்பல் படிந்த உள்ளங்கையைப் பார்த்தாள். குழியின் எதிர்மூலையைப் பார்த்தாள்.

"நான் இந்த மூலையிலதானே தொட்டேன்? அதுவும் இன்னிக்குத்தானே? நீங்க மண்ணெடுத்தது முந்தாநாளு, அந்த மூலையில. அங்கிட்டு நான் போகவேயில்லையே."

"எதிர்வாதம் வேண்டாம், தாழம்மா. மேல ஏறுங்க."

"டாக்டரம்மா, நான் சொல்றது…"

"மேல ஏறுங்கன்னேன்."

ஆலாப்பனும் மற்றவர்களும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். தாழம்மா ஏணியில் ஏறினாள். மடியில் முடிந்திருந்த சாம்பலை அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போகச் சொல்ல வேண்டும் என்று சௌந்தரவல்லிக்குத் தோன்றியது, சொல்லவில்லை. அது ஒன்றுதான் அந்தத் தீவில் அவள் விதியைத் தளர்த்திய தருணம். தாழம்மாவை மறுநாள் முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தாள். நகலில் அவளுடைய கைரேகையை வாங்கிக் கோப்பில் சேர்த்தாள். குழியில் கையுறை கழற்றியவர் எவராயினும் வெளியேறுக என்பது ஏழாம் நெறி.

அறிக்கை குறித்த நாளில் முடிந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அடுக்குகளில் ஏழு தாய்வழிகள் காணப்பட்டன. சட்டத்தின் தனி அனுமதியோடு ஆணையம் சேகரித்த பொடவர்களின் மாதிரிகளோடு அவை ஒப்பிடப்பட்டன. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. 'பண்டைக் குடிகள் அற்றுப்போயினர். இன்றைய குடிகள் பிற்காலத்து வரவு' என்று சௌந்தரவல்லி எழுதினாள். பின்னால் மேலான கருவிகளோடு வருவோருக்காக மூன்றில் ஒரு பங்கு மண்ணைத் தொடாமல் விட்டிருப்பதாகவும், அகழ்வோரின் அறம் அதுவே என்றும் கடைசிப் பத்தியில் குறித்தாள். நாற்பத்தொரு குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்பட்ட அன்று அவள் வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கில் இருந்தாள். தலைப்பு: 'ஆலாத்தீவு: தூய்மைக்கு ஒரு முன்மாதிரி.'

மூன்று ஆண்டு கழித்துக் கையேட்டின் இரண்டாம் பதிப்புக்கு அச்சுப்படி வந்தது.

சௌந்தரவல்லி மெய்ப்புத் திருத்துவதைப் பிறரிடம் விட்டதில்லை. ஒரு பிற்பகல் முழுவதும் நிறுவனத்து அறையில் உட்கார்ந்து சிவப்பு மையால் ஒவ்வொரு வரியாகக் கடந்துகொண்டிருந்தாள். நான்காம் இயலில், மாசைக் கணக்கிட வேண்டிய முறைக்கு எடுத்துக்காட்டாக, ஆலாத்தீவு நோட்டின் அட்டவணையையே சேர்த்திருந்தாள். அச்சுக் கோத்தவர் எண்களை மாற்றிவிட்டாரா என்று பார்ப்பதற்காக அசல் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை மேலிருந்து கீழே நகர்த்தினாள். பதினான்கு. ஒன்பது. முப்பத்தொன்று. நூற்றிரண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு. இருபத்தொன்றாம் அடுக்கில் முந்நூற்று எண்பத்தெட்டு.

எண்கள் எல்லாம் சரியாகவே அச்சாகியிருந்தன. அவளுடைய விரல் மட்டும் கடைசி எண்ணிலேயே நின்றுவிட்டது.

தரவுப் பிரிவிலிருந்து ஜெபராஜை அழைத்தாள். நாற்பது வயதைக் கடந்தவன். இப்போது பிரிவின் தலைவன்.

"ஜெபராஜ், குழியில அழுக்கு எங்கேருந்து வரும்?"

"மேலேருந்துதான், மேடம். மேல நிக்கற ஆளுங்ககிட்டேருந்து."

"அப்ப ஆழம் போகப்போக?"

"குறையணும்."

"இதைப் பாருங்க."

அவன் தாளை வாங்கவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"பாத்திருக்கேன் மேடம். அப்பவே பாத்தேன். அடுப்பு இருக்கற அடுக்குல எல்லாம் ஏறுது. அடுப்பு இல்லாத அடுக்குல நாலு, அஞ்சுன்னு விழுந்துருது. அடுப்பு எங்க இருந்துச்சுன்னு அழுக்குக்குத் தெரியுமா மேடம்?"

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே. வெள்ளைத்தாள்ல குறிப்பு எழுதி உங்க மேசைல வெச்சேன். ஐயப்பாட்டுக் குறிப்புக்குன்னு தனிப் படிவம் இருக்கு, உரிய படிவத்தில் மீண்டும் அனுப்புகன்னு சிவப்பு மையில எழுதித் திருப்பிட்டீங்க."

அவளுக்கு நினைவு வந்தது. படிக்காமல் திருப்பியிருந்தாள். படிவம் இல்லாத குறிப்பைப் படிப்பதில்லை என்பதும் ஒரு விதியாக இருந்தது.

"படிவத்துல எழுதி அனுப்பியிருக்கலாமே."

"அதுக்குள்ள அறிக்கை போயிருச்சு." அவன் தரையைப் பார்த்தான். "எனக்கும் அப்ப வேலை நிரந்தரமாகலை, மேடம். நீங்க நிரந்தரம் பண்ணிக் கையெழுத்துப் போட்டது அதுக்கு அடுத்த மாசம்."

மின்விசிறிக் காற்றில் அச்சுப்படியின் மூலை எழும்பி எழும்பி அடங்கிற்று.

"நாற்பத்தொரு வீட்டையும் பட்டியல்ல ஏத்தினேன்," என்றாள் சௌந்தரவல்லி. "ஒரு வீட்டையும் விடலை."

"ஆமா மேடம். வெளியூர் ஆளுங்களை வெச்சுத் தோண்டியிருந்தா எல்லாம் நின்னிருக்கும். இவங்க ஆத்தாமாரு இவங்களோட ஒத்துப்போனாங்க. ஒத்துப்போனதை எல்லாம் மிஷின் கழிச்சுருச்சு."

"அந்த ஏழு வழி?"

"வாரிசு இல்லாம அத்துப்போன வழியா இருக்கும். அவங்களைக் கழிக்க உயிரோட ஆள் இல்ல. அதனால மிஞ்சிட்டாங்க."

அற்றுப்போனவர்கள் மட்டுமே மிஞ்சிய பட்டியலைப் பார்த்துத்தான், எல்லாரும் அற்றுப்போனார்கள் என்று எழுதியிருந்தாள். அந்த வாக்கியத்தில் இன்றைக்கும் ஒரு குற்றமும் காண முடியாது. எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி எல்லாம் அவையவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

முதுகுடி ஆணையத்தின் முன்கூடத்தில் ஆளுயரச் சிலை ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் அடுக்கில் சுண்ணாம்பில் புதைந்து தப்பிய ஒரு மேல்தாடையையும் கன்ன எலும்பையும் கொண்டு சிற்பி வடித்தது. 'ஆலாத்தீவின் ஆதித்தாய்; மறைந்துபோன மாந்தரின் நினைவாக' என்று பீடத்தில் எழுதியிருந்தார்கள். திறப்பு விழாவில் அதைப் பார்த்தபோது, எங்கேயோ கண்ட முகம் போலிருக்கிறதே என்று சௌந்தரவல்லி எண்ணியதுண்டு. இன்று நெருங்கிச் சென்று பார்த்தாள். அகன்ற கன்னம். சற்றே திறந்த வாய். மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின்மேல் ஏறி நின்றது.

ஆணையர் ரகோத்தமன் ஓய்வுபெற்ற நீதிபதி. எவரையும் நிற்கவைத்துப் பேசாதவர். அவளுக்குக் காபி வரவழைத்து, அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு மேசையிலிருந்த அவளுடைய கையேட்டை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நான்காம் நெறி. 'வாழ்வாரோடு பொருந்தும் எதுவும் பழமையன்று. ஐயத்துக்கு இடமின்றி விலக்குக.' அம்மா, இது யார் எழுதினது?"

"நான்தான்."

"ஐயத்துக்கு இடமின்றின்னு போட்டிருக்கீங்க. அழகா இருக்கு. இப்ப ஐயம்னு வந்து நிக்கறீங்களே."

"நெறி தப்பு. தோண்டறவங்களே அந்த மண்ணோட வாரிசா இருந்தா என்ன பண்றதுன்னு நான் யோசிக்கலை."

"நாங்களும் யோசிக்கலை. இந்த நெறியை வெச்சுத்தான் பதினோரு தீவு வழக்கை முடிச்சிருக்கோம். பதினொண்ணுலயும் உள்ளூர் ஆளுங்கதான் தோண்டினாங்க. உள்ளூருக்கு வேலை கொடுக்கணும்னு நீங்கதானே பத்தாம் நெறியில எழுதியிருக்கீங்க? ஆலாத்தீவைத் திறந்தா பதினொண்ணையும் திறக்கணும். போன ஜனத்தை எங்கேன்னு கொண்டு வைக்கறது?"

பதினோரு தீவு என்ற சொல் அவள் காதில் விழுந்து அங்கேயே நின்றது. அவள் ஒரு தீவுக்குத்தான் பதில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"மூணுல ஒரு பங்கு மண்ணைத் தொடாம விட்டிருக்கேன். மறுபடி வாசிக்கலாம். பட்டியல் இல்லாம வாசிக்கலாம்."

ரகோத்தமன் அவளை உண்மையான இரக்கத்தோடு பார்த்தார். "பொடவு இருந்த குன்றையே உடைச்சு அலைதடுப்புச் சுவருக்குப் போட்டு ரெண்டு வருஷமாச்சே. உங்களுக்குத் தகவல் வந்திருக்குமே?"

வந்திருந்தது. படிவத்தில் வந்திருந்தது. 'ஆய்வுப் பணி நிறைவுற்றதா?' என்ற வினாவுக்கு நேரே 'ஆம்' என்று குறியிட்டு, கையெழுத்திட்டு, நாளும் இட்டு அனுப்பியிருந்தாள்.

"நோட்டுப் புத்தகம் இருக்கு," என்றாள். "ஒவ்வொரு அடுக்குலயும் கழிஞ்ச எண்ணிக்கை எல்லாம் இருக்கு."

அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். கட்டங்களின் நேர்த்தியை மெச்சுகிறவர்போலத் தலையசைத்தார். பிறகு அதை அவள் பக்கம் திருப்பி, பக்கத்தின் தலையில் விரலை வைத்தார்.

"உங்க கையெழுத்துதானே? என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க."

இரட்டைக்கோட்டின்மேல், ஒரு சுழி பிசகாத கையெழுத்தில், மாசு என்று இருந்தது.

ஆலா நகர் என்று பொடவர்களைக் கொண்டுவந்து இறக்கிய குடியிருப்புக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஆலாப் பறவை அந்தப் பக்கம் வந்ததேயில்லை. உப்பளங்களுக்கு நடுவே நான்கு மாடிக் கட்டடங்கள் ஆறு. பகல் வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. மூன்றாம் கட்டடத்தின் தரைத்தளத்தில், கதவைத் திறந்துபோட்டு, இறால் கம்பெனியிலிருந்து வந்த கூடையை முன்னால் வைத்துத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள் தாழம்மா. பக்கத்தில் சேலைத் தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கிற்று.

"வாங்க டாக்டரம்மா," என்றாள், வியப்பே இல்லாமல். "கையெல்லாம் இறாலு. இந்தத் தடவை உறை போட்டிருக்கேன், பாத்துக்கங்க."

சௌந்தரவல்லி நின்றபடியே சொல்லிமுடித்தாள். எதையும் மறைக்கவில்லை, படிவத்தைப் பற்றியும் சொன்னாள், பதினோரு தீவைப் பற்றியும் சொன்னாள். தாழம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. தலையைக் கிள்ளி, தோலை உருவி, நரம்பை இழுத்து, ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தன.

"அப்ப அது எங்க ஆளுங்கதான்."

"ஆமா. நாற்பத்தொரு வீடும். அநேகமா எல்லா அடுப்புலயும்."

"இருநூத்துப் பன்னண்டுன்னீங்களே, என் கை அழுக்குன்னு."

"அது உங்க கை இல்ல, தாழம்மா."

"அன்னிக்கே சொன்னேன். அந்த மூலைக்கு நான் போகலைன்னு."

"சொன்னீங்க."

"ஆணையத்துல என்ன சொன்னாங்க?"

"என் புத்தகத்தை எடுத்து எனக்கே வாசிச்சுக் காட்டினாங்க."

தாழம்மா சிரித்தாள். ஏறிய பல் தெரிந்தது. சிரிப்பு நீண்டுகொண்டே போயிற்று. குழந்தை அசைந்த பிறகுதான் அடக்கிக்கொண்டாள்.

"ஆலாப்பன் கப்பல்லயே செத்துட்டான், தெரியுமா? குன்று கண்ணுக்கு மறையற வரைக்கும் நின்னான். அப்புறம் உக்காந்தான், அவ்வளவுதான். எதுல செத்தான்னு டாக்டரு ஏதோ எழுதிக் கொடுத்தாரு. அதுவும் உங்களமாதிரி சுத்தமா எழுதின காயிதம்."

சௌந்தரவல்லிக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அறைக்குள் தேடியபோது, சாமிப்படம் எதுவும் இல்லாத மாடத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை தெரிந்தது. அதன் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பிடியளவு ஏதோ இருந்தது.

"அது…"

"அன்னிக்கு மடியில முடிஞ்சதுதான். பெரிய பேரனுக்கு வெச்சேன். இவ ரெண்டாவது, பொறந்து பன்னண்டு நாளு. பதினாறுல வெக்கணும். அதோட சரி. அடுத்ததுக்கு உங்க துறைமுகத்துச் செவுத்தைத்தான் சுரண்டணும்."

பதினேழாம் அடுக்கு. தென்மேற்கு மூலை. உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே ஒரு பிடி.

"தாழம்மா, அதை எனக்குக் கொடுப்பீங்களா? பட்டியல் இல்லாம ஒரே ஒரு தடவை வாசிச்சுப் பாக்கறேன்."

விரல்கள் முதன்முறையாக நின்றன.

"வாசிச்சா, எங்களைத் திருப்பி அனுப்புவாங்களா?"

பொய் சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை. "மாட்டாங்க. அடுக்கைவிட்டு வெளிய எடுத்த மண்ணு ஆதாரம் ஆகாது. அதுவும் நெறிதான்."

"பின்ன எதுக்கு?"

"எனக்குத் தெரியணும்."

"எங்களுக்குத் தெரியுமே." தாழம்மா இதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள். "வாசிச்சா சாம்பல் மிஞ்சுமா?"

"மிஞ்சாது. எரிஞ்சுபோயிடும்."

தாழம்மா தொட்டிலைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். கையுறையைக் கழற்றிக் கூடையின் ஓரத்தில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டு, முழங்கைவரை, அவசரமில்லாமல் கழுவினாள். சிரட்டையை மாடத்திலிருந்து எடுத்து வந்து இருவருக்கும் நடுவே தரையில் வைத்தாள். சௌந்தரவல்லி குனிந்தாள், கை தானாக நீண்டது.

"இருங்க."

தாழம்மா உள்ளே போய் ஓர் எவர்சில்வர் டம்ளரோடு திரும்பினாள். அதைத் தன் முந்தானையால் ஒருமுறை துடைத்து, சௌந்தரவல்லியின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"முதல்ல துப்புங்க, டாக்டரம்மா. உங்களைக் கழிச்சாத்தானே சுத்தமா இருக்கும்."

முகத்தில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் தாங்குவது எளிதாக இருந்திருக்கும். சௌந்தரவல்லி டம்ளரை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு வாயருகே கொண்டுபோனாள். முப்பது ஆண்டுகளில் எத்தனை தீவில், எத்தனை வரிசையில், எத்தனை பேரிடம் இதே அளவு உயரத்தில் குப்பியை நீட்டியிருக்கிறாள். எல்லாரும் துப்பினார்கள். அமைச்சர் துப்பினார். ஆலாப்பன் காறித் துப்பினான்.

அவளுடைய வாய் உலர்ந்திருந்தது. நாக்கை அண்ணத்தில் வைத்து அழுத்தினாள், பல்லைக் கடித்தாள், கன்னத்தை உள்ளே இழுத்தாள். ஒரு துளியும் ஊறவில்லை. டம்ளரின் அடியில் அவளுடைய முகம் சிறியதாகத் தெரிந்தது.

தாழம்மா மறுபடி உட்கார்ந்து, கையுறையை மாட்டிக்கொண்டு, கூடையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"மெதுவா துப்புங்க," என்றாள். "நான் இங்கதான் இருப்பேன்."